திங்கட்கிழமை 1,750 ரூபாய்: வாரக் கணக்கு போட்டுக் கடனைச் சீக்கிரம் அடைக்கும் வழி

எங்கள் வீட்டில் பட்ஜெட் போடாத மாசமே கிடையாது. டைரியில் போட்டோம், காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டோம், எக்செல்லில் கலர் கலராகப் போட்டோம். எதில் போட்டாலும் 20-ந் தேதி வாக்கில் அது படுத்துவிடும். 25-ந் தேதி ஆபீஸில் யாரிடமாவது இரண்டாயிரம் கைமாத்து, 1-ந் தேதி சம்பளம் வந்ததும் முதல் வேலையாக அந்தக் கைமாத்தைத் திருப்புவது, மறுபடி 20-ந் தேதி. அம்மாவைப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது கிரெடிட் கார்டில் ஏறிய 68,000 மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது, துணைக்கு ஒரு பர்சனல் லோன்.

முப்பது நாள் என்பது செலவுக் கணக்குக்கு ரொம்ப நீளம் என்று பிடிபடவே எனக்கு வருஷக்கணக்கானது. 4-ந் தேதி கொஞ்சம் தாராளமாக இருந்தால் அதன் வலி 24-ந் தேதிதான் தெரியும், அதற்குள் எது எதனால் என்றே மறந்துபோயிருக்கும். வாரக் கணக்கில் புதன்கிழமை செய்த தப்பு சனிக்கிழமையே வந்து நிற்கும். எங்கள் கொளத்தூர் பக்கம் கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்குச் சனிக்கிழமைதான் கூலி, அவர்கள் வீட்டில் அரிசி, எண்ணெய், சீட்டு எல்லாமே வாரக் கணக்கு. மாசச் சம்பளக்காரர்களான நாமும் அதே மாதிரி செய்து, மிச்சத்தை அந்தந்த வாரமே கடனுக்குத் தள்ளினால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம்.

முதலில் நூற்றுக்கு எத்தனை வட்டி என்று பாருங்கள்

டீயைக் குறைப்பதற்கு முன்னால் ஒரு தாளில் எல்லாக் கடனையும் எழுதுங்கள். கார்டு, பர்சனல் லோன், வண்டிக் கடன், நகைக்கடன், தண்டல், மச்சானிடம் வாங்கியது, பணத்தை எடுத்துவிட்டு இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் சீட்டு, ஒன்றும் விடாமல். பக்கத்தில் வட்டியை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று எழுதாமல், நம் ஊர் வழக்கப்படி நூற்றுக்கு மாசம் எத்தனை என்று எழுதுங்கள், அப்போதுதான் உறைக்கும். 15 சதவீத பர்சனல் லோன் என்றால் ஒன்றேகால் வட்டி. என் கார்டு மாசம் 3.5 சதவீதம், அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக நாலு வட்டியைத் தாண்டிவிட்டது. தெருவில் நாலு வட்டிக்கு விடுகிறவரைப் பற்றி நாம் என்னவெல்லாம் பேசுவோம்? அதே வட்டி வாங்கும் அட்டையைப் பர்ஸில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

68,000-க்கு 3.5 சதவீதம் 2,380 ரூபாய். ஜிஎஸ்டி 428. மொத்தம் 2,808. ‘குறைந்தபட்சம் கட்ட வேண்டியது’ என்று ஸ்டேட்மென்டில் வரும் 3,400-ஐ மட்டும் நான் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தேன், அதில் அசலுக்குப் போனது 592 ரூபாய். அதே மாசம் அந்தக் கார்டிலேயே ஆயிரம் ரூபாய்க்குத் துணி எடுத்தால் அந்த 592-ம் காலி. இன்னொன்று, பழைய பாக்கி இருக்கும்போது புதிதாகத் தேய்க்கிற தொகைக்கு அந்த வட்டியில்லாத நாற்பது, ஐம்பது நாள் சலுகை கிடையாது, தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். அதனால் பாக்கி தீரும்வரை கார்டு பீரோவுக்குள் போகட்டும். ஆன்லைன் கடைகளில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணையும் அழித்துவிடுங்கள், பீரோவில் வைத்தாலும் போன் வழியாக வெளியே வரும்.

‘ஃபிளாட்’ என்று சொல்லித் தரும் கடனில் ஏமாந்துவிடாதீர்கள். ஒரு லட்சம், ஃபிளாட் 12 சதவீதம், இரண்டு வருஷம் என்றால் மாசம் 5,167 ரூபாய் கட்டுவீர்கள். அசல் மாசாமாசம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி மட்டும் முழு லட்சத்துக்கே போட்டிருப்பார்கள். குறைகிற அசலுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது 21 சதவீதத்துக்கு மேல் வரும். தண்டல் இதைவிட மோசம். பத்தாயிரம் கேட்டால் ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கையில் தருவார்கள், தினம் 100 வீதம் நூறு நாள். ஆயிரம்தானே என்று தோன்றும், ஆண்டுக்கு மாற்றினால் 77 சதவீதம் பக்கம்.

வட்டி அதிகமானதை முதலில் அடைப்பதுதான் என் கட்சி. சின்னக் கடனை முதலில் முடித்தால் உற்சாகம் வரும் என்பார்கள், வரும்தான், ஆனால் அந்த உற்சாகத்துக்கு நாலு வட்டி கொடுக்க வேண்டியிருக்கிறது. மச்சான் கடனுக்கு வட்டி இல்லை, அதற்கு மட்டும் வாய்விட்டு ஒரு தேதி சொல்லிவிடுங்கள், சொல்லாமல் இழுத்தால் அடுத்த விசேஷத்தில் முகம் பார்க்க முடியாது.

இதையெல்லாம் எழுதிய கையோடு ஒரு போன் போட்டுவிடுங்கள். கார்டு பாக்கியைக் குறைந்த வட்டியில் மாசத் தவணையாக மாற்ற முடியுமா என்று வங்கியில் கேளுங்கள், பல கார்டுகளில் முடியும், அதற்கான கட்டணம் எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பீரோவில் நகை சும்மா இருந்தால் வங்கி நகைக்கடன் கார்டு வட்டியில் கால்வாசிதான் வரும். நாலு வட்டிக் கடனை ஒரு வட்டிக்கு மாற்றினாலே பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் நகையை வைத்துக் கார்டை அடைத்துவிட்டு, காலியான கார்டை மறுபடி தேய்க்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அப்படிப்பட்ட கை உங்களுடையது என்று தெரிந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். எனக்கு இந்த இரண்டுமே ஒத்துவரவில்லை. தவணையாக மாற்ற என் வங்கியில் ஒத்துக்கொள்ளவில்லை, வீட்டில் நகை என்றால் தாலிக்கொடிதான்.

வாரத்துக்கு எவ்வளவு

என் கணக்கையே போடுகிறேன், உங்கள் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். கையில் வருவது 46,000. வாடகை 12,000, பர்சனல் லோன் தவணை 6,450, ஸ்கூல் வேன் 1,500, போனும் நெட்டும் 1,100, கேஸ் 900, மளிகையும் பாலும் 6,500. கரண்ட் பில் இரண்டு மாசத்துக்கு ஒருமுறை 1,800 வருவதால் மாசம் 900 எடுத்து வைக்கிறேன். அப்புறம் ‘வருஷப் பை’ என்று ஒரு 4,000, அதைப் பற்றிப் பிறகு. எல்லாம் போக மிச்சம் 12,650. அதில் கார்டுக்கு 5,000 சம்பளத்தன்றே போய்விடும், மிச்சமானால் கட்டலாம் என்று வைத்திருந்தால் ஒருநாளும் மிச்சமாகாது. கடைசியில் நிற்பது 7,650. காய்கறி, மீன், பெட்ரோல், டீ, ஆட்டோ, பிள்ளையின் பென்சில் பாக்ஸ், ஜுர மாத்திரை எல்லாம் இதற்குள்.

இங்கேதான் நான் முதலில் தப்பு செய்தேன். மாசத்துக்கு நாலு வாரம் என்று நாலால் வகுத்து, வாரம் 1,912 என்று வைத்துக்கொண்டேன். வருஷத்துக்கு 52 வாரம், நாலு நாலாகப் பிரித்தால் பதின்மூன்று மாசம் வந்துவிடுகிறது, சம்பளமோ பன்னிரண்டு. அந்தப் பதின்மூன்றாவது மாசத்துச் செலவு எங்கிருந்து வரும்? கார்டிலிருந்துதான் வந்தது. சரியான வழி, மாசத் தொகையை 12-ஆல் பெருக்கி 52-ஆல் வகுப்பது. 7,650-க்கு 1,765 வருகிறது, நான் 1,750 என்று வைத்துக்கொண்டேன்.

வாரம் எந்தக் கிழமையில் தொடங்க வேண்டும் என்பது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் மாற்றியது அதுதான். சனிக்கிழமை தொடங்கினால் புதுக் காசு, லீவு நாள், பிள்ளை கூப்பிடுகிற பீச் எல்லாம் ஒரே நாளில் சேர்ந்துகொள்ளும், திங்கட்கிழமையே பாதி காலி. திங்களில் தொடங்கினால் ஞாயிறு கடைசி நாள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எது என்று மிச்சக் காசு முடிவு செய்யும்.

போன வாரம் ஞாயிறு காலை எங்களிடம் நின்றது 410 ரூபாய். வில்லிவாக்கம் மார்க்கெட்டில் வழக்கமான அக்கா, பலகையில் கிடந்த வஞ்சிரத்தைத் தட்டிக் காட்டி “இன்னாண்ணா, இன்னிக்கு வேணாமா?” என்றது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்றால் அதன் பக்கம் திரும்பக்கூட மாட்டேன், இப்போது தடை முடிந்தாலும் விலை கேட்டுவிட்டு அரைக் கிலோ நெத்திலி 150-க்கு வாங்கினேன். குழம்பு வஞ்சிரக் குழம்பைவிட நன்றாகவே இருந்தது, ஆய்வதற்குத்தான் ஒரு மணி நேரம். மிச்சம் 260.

காசை எப்படிப் பிரித்து வைப்பது

போனில் தட்டித் தட்டிக் கட்டுவதில் காசு போவதே தெரியாது என்ற புகாருக்கு போனிலேயே மருந்து இருக்கிறது. யுபிஐ லைட், பணம் கட்டும் ஆப்புக்குள்ளேயே இருக்கும் ஒரு சின்னப் பர்ஸ். அதில் அதிகபட்சம் 5,000 ரூபாய் ஏற்றி வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 வரை பின் நம்பர் போடாமலே கட்டலாம். திங்கட்கிழமை காலை என் பங்கு 750-ஐ அதில் ஏற்றிவிடுவேன், மனைவிக்கு ஆயிரம் ரொக்கமாக, காய் வண்டிக்காரருக்கும் பூக்காரம்மாவுக்கும் அதுதான் வசதி. லைட்டில் காசு இருக்கும்வரை பின் கேட்காது. டீக்கடையில் ஸ்கேன் செய்ததும் பின் கேட்டால், சரி, இந்த வாரக் காசு முடிந்தது என்று அர்த்தம். இதைவிட நல்ல மணி எந்த பட்ஜெட் ஆப்பிலும் எனக்குக் கிடைக்கவில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள், தானாக ஏற்றிக்கொள்ளும் வசதி ஒன்று அதில் உண்டு, அதை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மணி அடிக்கவே அடிக்காது. லைட்டில் செய்த சின்னச் சின்னச் செலவுகள் வங்கி பாஸ்புக்கில் தனித்தனியாக வராது, ஏற்றிய தொகை மட்டும்தான் வரும், எதற்குப் போனது என்று பார்க்க ஆப்பின் பட்டியலைத்தான் திறக்க வேண்டும்.

எதைக் குறைப்பது என்பதில் ஊருக்கெல்லாம் ஒரே பதில் கிடையாது. நான் டீயைத் தொடவில்லை, சாயங்காலம் நாலு மணி டீயும் அந்தப் பத்து நிமிஷப் பேச்சும் இல்லாவிட்டால் இந்தத் திட்டமே இரண்டாவது வாரம் முடிந்திருக்கும். எனக்கு ஓட்டை பெட்ரோலில் இருந்தது. கொளத்தூரிலிருந்து கிண்டிக்கு வண்டியில் போய்வர வாரம் 450. மாநகரப் பேருந்தின் 1,000 ரூபாய் மாதப் பாஸை வாரத்துக்கு மாற்றினால் 230 சொச்சம். பஸ்ஸில் நேரம் அதிகம் ஆகிறது, பாடி பக்கம் டிராஃபிக்கில் நிற்கும்போது வண்டிக்காரர்கள் சந்து புகுந்து போவதைப் பார்த்து வயிறு எரிகிறது, ஆனால் வாரம் 220 ரூபாய். மனைவிக்கு அதுகூடத் தேவையில்லை, சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு 2021-லிருந்தே டிக்கெட் கிடையாது. ரேஷனில் கிலோ 30 ரூபாய்த் துவரம்பருப்பையும் 25 ரூபாய்ப் பாமாயிலையும் கௌரவம் பார்த்து விட்டுவிடுகிற வீடுகள் எங்கள் தெருவிலேயே நாலைந்து இருக்கின்றன, கடன் இருக்கும்வரை அந்தக் கௌரவம் வேண்டாமே. கோயம்பேட்டுக்குப் போய் மொத்தமாகக் காய் வாங்குவது மட்டும் எங்களுக்குச் சரிப்படவில்லை, மலிவாக வாங்கிய அஞ்சு கிலோ தக்காளியில் இரண்டு கிலோ அழுகிப்போனது. மூன்று வீடு சேர்ந்து பிரித்துக்கொண்டால் லாபம்.

ஞாயிறு இரவு

வாரத்தில் மிச்சமானது அன்று இரவே கார்டுக்குப் போக வேண்டும். 260 என்றால் 260. அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் திங்கட்கிழமை அது பஜ்ஜியாகிவிடும். மாசக் கடைசியில் மொத்தமாகக் கட்டினால் போதாதா என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். கார்டு வட்டி தினப்படி பாக்கியின் மேல் ஓடுகிறது, அதனால் 7-ந் தேதி கட்டிய 260-க்கு அன்றிலிருந்தே வட்டி நிற்கிறது. அந்த லாபம் சில ரூபாய்தான், பெரிய லாபம் அந்தக் காசு நம் கையில் இல்லாமல் போவது.

எனக்குச் சராசரியாக வாரம் 350 மிச்சமாகிறது. 68,000-க்கு மாசம் 5,000 மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் முடிய 21 மாசம், மொத்தம் ஒரு லட்சத்து இரண்டாயிரம் பக்கம் கொடுத்திருப்பேன். வாரம் 350 சேர்ந்தால் 14 மாசம், 91,000-க்குள். ஏழு மாசமும் பதினோராயிரமும் மிச்சம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. குறைந்தபட்சத் தொகை, ஸ்டேட்மென்ட் வந்த நாளுக்கும் கெடு நாளுக்கும் நடுவில் கட்டியதை வைத்துத்தான் பார்க்கப்படும். முந்தின வாரங்களில் நிறையக் கட்டிவிட்டோமே என்று அசட்டையாக இருந்தால் தாமதக் கட்டணம் விழும். என்னுடைய 5,000 அந்த நாட்களுக்குள் விழுகிற மாதிரி வைத்திருக்கிறேன், வாரக் காசு எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

கார்டுக்குப் பொருந்துவது எல்லாக் கடனுக்கும் பொருந்தாது. பர்சனல் லோனில் இப்படி 200, 300 என்று கட்ட விடமாட்டார்கள், இடையில் கட்ட குறைந்தபட்சத் தொகை, கட்டணம், இத்தனை தவணை முடிந்திருக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கும், ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு, வாரக் காசைத் தனி அக்கவுன்டில் சேர்த்து ஒரே அடியாகக் கட்டுங்கள். நகைக்கடனில் இடையிடையே கட்ட பல வங்கிகளில் விடுவார்கள். தண்டலில் வட்டியை முன்னாலேயே பிடித்துவிட்டதால் சீக்கிரம் அடைத்தாலும் லாபமில்லை, அது முடியட்டும், மறுபடி மட்டும் வாங்காதீர்கள்.

வாரம் கவிழும்போது

கவிழும். எங்களுக்கு முதல் இரண்டு மாசத்தில் மூன்று வாரம் கவிழ்ந்தது. ஒன்று அடைமழை வாரம், ஆட்டோவுக்கே 600. இரண்டாவது, ஒரே முகூர்த்தத்தில் மூன்று கல்யாணம். மூன்றாவதற்குக் காரணம் நான்தான், அலுப்பில் இரண்டு ராத்திரி பிரியாணி ஆர்டர். மழைக்கும் பிரியாணிக்கும் ஒரே மருந்து, தாண்டிய தொகையை அடுத்த வாரங்களில் 200, 200 ஆகக் கழிப்பது. ஒரே வாரத்தில் மொத்தமாகக் கழித்தால் அந்த வாரமும் கவிழும்.

மொய் அப்படியில்லை. ஆவணியும் தையும் வருஷா வருஷம் வருகின்றன, அதை எதிர்பாராத செலவு என்று சொல்வது நமக்கு நாமே சொல்லும் பொய். அதற்குத்தான் வருஷப் பை. ஸ்கூல் ஃபீஸ், தீபாவளித் துணி, வண்டி இன்சூரன்ஸ், மொய், குலதெய்வம் கோயில் பயணம் எல்லாவற்றையும் கூட்டினேன், 48,000 வந்தது, பன்னிரண்டால் வகுத்து மாசம் 4,000 வேறொரு வங்கி அக்கவுன்டில். அந்த அக்கவுன்டுக்கு போனில் ஆப் வைத்துக்கொள்ளவில்லை, கார்டும் வாங்கவில்லை. எங்கள் பாட்டி அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு அடியில் வைப்பாள், நாங்கள் கிளைக்கு நேரில் போனால்தான் எடுக்க முடியும்.

இன்னொரு 5,000 அவசரத்துக்கு. கடனுக்கு அதிகமாகக் கட்ட ஆரம்பிக்கும் முன்பே இதைச் சேர்த்துவிடுங்கள், அதற்கு இரண்டு மாசம் ஆனாலும் பரவாயில்லை. இது இல்லாவிட்டால் ராத்திரி பதினோரு மணிக்குக் குழந்தைக்கு வயிற்று வலி என்றதும் பீரோவிலிருந்து கார்டு வெளியே வந்துவிடும்.

கார்டு தீர்கிற மாசம், கடைசி ஸ்டேட்மென்டுக்குப் பிறகும் சில நாள் வட்டி பாக்கி வரலாம், அடுத்த ஸ்டேட்மென்டில் பூஜ்யம் வரும்வரை பாருங்கள். ‘பாதி கட்டினால் போதும், செட்டில் பண்ணிக்கலாம்’ என்று யாராவது போனில் சொன்னால் யோசியுங்கள், கடன் அறிக்கையில் அது முழுசாக அடைத்ததாகப் பதியாது, நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது கண்ணில் படும். அறிக்கையை வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாக வாங்கலாம்.

இதைத் தொடங்க 1-ந் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். நான் தொடங்கியது 19-ந் தேதி, ஒரு திங்கட்கிழமை. கையில் 2,900 ரூபாய், மாசம் முடிய பன்னிரண்டு நாள். வகுத்தால் நாளுக்கு 241, வாரத்துக்கு 1,690. அந்த ஞாயிறு இரவு மிஞ்சியது 40 ரூபாய். கார்டுக்கு 40 ரூபாய் கட்டினேன். பணம் வந்து சேர்ந்தது, நன்றி என்று வங்கியிலிருந்து வந்த மெசேஜைப் பார்த்து மனைவி சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த பெண் எழுந்துவிட்டாள்.